அம்மாவின் செருப்பு அளவு

சேலைக்கு அளவு கிடையாது. ஐந்தரை மீட்டர் துணி. மெலிந்தவரும் பருத்தவரும், இருபது வயதுக்காரியும் எழுபது வயதுக்காரியும் அதே நீளத்தைத்தான் கட்டுகிறார்கள். கொசுவத்தில் ஒரு மடிப்பைக் கூட்டியோ குறைத்தோ கட்டுகிறவர் தன் உடம்புக்கு அதைப் பொருத்திக்கொள்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரம் கோ-ஆப்டெக்ஸ் கடையில் நிற்கும் மகனுக்கு இது பெரிய சௌகரியம். நிறம், கரை, விலை என்ற மூன்றைத் தாண்டி அம்மாவைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் இலவச வேட்டி சேலைத் திட்டம் வந்தது. ஒருவரையும் அளக்காமல் ஒரு மாநிலத்துக்கே கொடுக்க முடிகிற உடை என்றால் அது வேட்டியும் சேலையும்தான்.

அளவு வேண்டியிருப்பது ரவிக்கைக்கு. அந்த அளவும் பிள்ளைகளிடம் இருப்பதில்லை. பீரோவில் 'அளவு ஜாக்கெட்' என்று ஒன்று இருக்கும். நன்றாக உட்கார்ந்த பழைய ரவிக்கை அது. தைக்கக் கொடுக்கும்போதெல்லாம் புதுத் துணியோடு சேர்ந்து போய்வரும். அம்மாவின் தோள் இறங்கியதும் கை பெருத்ததும் தையல்காரருக்குத் தெரியும். மணிக்கட்டு வளையல்காரருக்குத் தெரியும். ரெண்டு நாலா, ரெண்டு ஆறா, ரெண்டு எட்டா என்று கையைப் பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் முழிப்பார்கள். அம்மாவின் செருப்பு என்ன நம்பர் என்று நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். தன்னுடையதைச் சொல்வார்கள், குழந்தையுடையதைச் சொல்வார்கள், சிலர் மனைவியுடையதையும் சொல்வார்கள். அம்மாவுடையது என்றதும் 'சின்னக் கால்தான்' என்பதோடு நின்றுவிடும்.

அம்மாவுக்கு உபயோகமாக ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இப்போது அதிகம். பிறந்தநாள் வருகிறது, அன்னையர் தினம் வருகிறது, முதல் சம்பளம் வருகிறது. பட்டுப்புடவை பீரோவில் தூங்கும், நகை லாக்கரில் தூங்கும், தினமும் கைக்குப் பயன்படுகிற ஒன்று வேண்டும் என்ற அந்த நினைப்பு நல்ல நினைப்புதான். ஆனால் உபயோகம் என்றதும் நம் புத்தி நேராக அடுப்படிக்குப் போய் நின்றுவிடுகிறது. மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, நான்ஸ்டிக் தவா.

அடுப்படிப் பொருட்களை மட்டமாகச் சொல்ல வரவில்லை. அவற்றிலும் அளவறிந்து செய்தவை உண்டு. இந்திய மிக்ஸியின் கதையே அப்படித்தான் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் சீமென்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஒரு வெளிநாட்டு பிரவுன் மிக்ஸி இருந்தது. அவர் மனைவி மாதுரி அதில் நம் ஊர் அரைப்பை அரைக்க, மோட்டார் புகைந்துபோனது. பழத்தையும் காய்கறிச் சாற்றையும் அடிக்கச் செய்த இயந்திரம், ஊறிய உளுந்துக்கும் காய்ந்த மஞ்சளுக்கும் எப்படி ஈடுகொடுக்கும்? மாத்தூர் நம் அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரைத் தானே செய்தார். அதுதான் 1963இல் உருவான சுமீத். அதற்கு முன்பே கோயம்புத்தூரில் ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் மாட்டிய வெட் கிரைண்டர் வந்திருந்தது. பிற்காலத்தில் புவிசார் குறியீடும் வாங்கியது. இந்த இரண்டுமே வேலையைக் கிட்டப் போய்ப் பார்த்தவர்களின் கைவண்ணம். மாவு எவ்வளவு கெட்டி, எவ்வளவு நேரம் ஓட வேண்டும், சூடேறினால் மாவு புளித்துப்போகுமா என்பதெல்லாம் தெரிந்தவர்கள் செய்தது.

அங்கே அளக்கப்பட்டது மாவு. அரைக்கிற ஆளை யாரும் அளக்கவில்லை.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்றொரு நூல் எழுதினார். வீட்டு இயந்திரங்கள் பெருகியும் அமெரிக்கக் குடும்பத் தலைவியின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. இயந்திரம் முதலில் பறித்தது மற்றவர்களின் வேலையை என்பது அவர் கண்ட விடைகளில் ஒன்று. நவீன அடுப்பு வந்ததும் விறகு பிளந்த கணவனுக்கு ஓய்வு கிடைத்தது. மனைவிக்குச் சமையல் அப்படியே இருந்தது. நம் ஊரிலும் இதைக் காணலாம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு மாவு மில்லுக்குப் போய் வரிசையில் நின்றவன் மகன். 'இங்கு மாவு அரைத்துத் தரப்படும்' என்று பலகை மாட்டிய தெருமுனை வீட்டுக்கு ஊறவைத்த அரிசியைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் மகள். கிரைண்டர் வீட்டுக்குள் வந்ததும் அவர்கள் விடுபட்டார்கள். ஊறவைப்பது, கழுவுவது, அள்ளுவது, கல்லைத் தூக்கிக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அம்மாவின் கணக்கில் சேர்ந்தன. பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் சுட்ட இட்லி, அன்றாடப் பலகாரமாயிற்று.

2019இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வீட்டுவேலையை நிமிடமாகவே எண்ணிச் சொன்னது. வீட்டுக்குள் சம்பளமில்லாத வேலையைச் செய்யும் பெண்கள் அதற்குக் கொடுப்பது ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம். அதே வேலையைச் செய்வதாகச் சொன்ன ஆண்களுக்கு 97. தமிழ்நாடு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியைக் கொடுக்கத் தொடங்கி அப்போது எட்டு ஆண்டு ஆகியிருந்தது. அந்த மூன்றில் அம்மாவுக்கே என்று போன பொருள் மின்விசிறியாகத்தான் இருக்க முடியும். அதுவும் பல வீடுகளில் கூடத்தை விட்டு அடுப்படிக்கு வந்திருக்காது.

பரிசுப் பொருளைச் சோதிக்க எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. இது பழுதாகிப்போனால் வீட்டில் முதலில் குரல் கொடுப்பது யார்? மிக்ஸி நின்றால் 'சட்னி இல்லையா' என்று கூடத்திலிருந்து சத்தம் வரும். கிரைண்டர் பெல்ட் அறுந்தால் அன்றைக்கே மெக்கானிக் வருவார். அம்மாவின் கண்ணாடிக் கால் உடைந்தால் ஒரு சத்தமும் வராது. நூலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டுவாள். குரல் எழும்பாத பொருட்களின் பக்கம்தான் தேட வேண்டும்.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும் திறன் குறைவது எல்லோருக்கும் பொது. படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் எழுத்து மங்கியதும் கண்டுகொள்கிறார்கள். படிக்க நேரமில்லாதவர்களுக்கு அது வேறு வழிகளில் தெரியவரும். ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடுவது, அரிசியில் கல் தப்பிப் பல்லில் படுவது, மாத்திரை அட்டையை நிறத்தை வைத்து அடையாளம் கொள்வது. இதைப் பார்வைக் குறைவாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'வயசாயிடுச்சு' என்று போய்விடுகிறார்கள். அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 751 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்கள். பாதிப்பேருக்குக் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியை உடனே கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்தபின் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த கொழுந்து, போடாதவர்களைவிட ஏறத்தாழ 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் இது வெளிவந்தது. இத்தனைக்கும் அது விலை குறைந்த சாதாரணக் கண்ணாடி. தோட்டத்தில் கிலோ கணக்கு உண்டு, அதனால் ஆய்வாளர்களுக்கு எண் கிடைத்தது. வீட்டில் எடைபோட்டுக் குறித்துவைக்க யாருமில்லை என்பதால் அம்மா எவ்வளவு தடவித் தடவிச் செய்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

அடுப்புமேடையும் அப்படித்தான். 'ரெண்டே முக்கா அடி வெச்சிரலாம் சார்' என்று கொத்தனார் சொல்வார், வீட்டுக்காரர் தலையாட்டுவார். சமைக்கப்போகிறவர் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நின்று வெட்டவும் பிசையவும் மேடை முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். ஐந்தடிக்கும் குறைவான அம்மாவுக்கு ரெண்டே முக்கால் அடியே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதன்மேல் கேஸ் அடுப்பு, அதன்மேல் வாணலி. தோளைத் தூக்கிக்கொண்டே கிளற வேண்டும். இருபது வருஷம் கழித்துத் தோள்வலி என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறோம். நிற்கிற இடத்தில் அகலமான, வழுக்காத, ஆடாத மரப்பலகை ஒன்று போட்டாலே போதும். தச்சரிடம் சொன்னால் ஒரு நாளில் செய்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் எரியும் குழல்விளக்கு அவள் நிழலையே வெட்டுகிற காயின்மேல் போட்டுக்கொண்டிருக்கும். பரணுக்கடியில் ஒரு சின்ன எல்.இ.டி. பட்டை மாட்டினால் அந்த நிழல் போய்விடும். இவற்றை வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள ஒரு காலைப் பொழுதாவது அடுப்படியில் கூடவே நின்றிருக்க வேண்டும்.

இனி செருப்பு. 'எம்.சி.ஆர். செருப்பு' என்ற பெயரைச் சர்க்கரை நோயாளி இருக்கும் தமிழ் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்பதன் சுருக்கம். அந்தச் செருப்பின் வரலாறு வேலூருக்குப் போகிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்று தேடினார். நோய்தான் சதையைத் தின்கிறது என்று அன்று நம்பினார்கள். அவரும் அவரோடு இருந்தவர்களும் கண்டது வேறு. நோய் நரம்பைக் கெடுத்து வலியை அகற்றிவிடுகிறது. வலி இல்லாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழும் அழுத்தம் தெரியாமல் போகிறது. அந்த அழுத்தமே புண்ணாக்குகிறது. நமக்குச் செருப்பு கடித்தால் இரண்டு எட்டில் நடையை மாற்றிக்கொள்வோம். அவர்களால் முடியாது. ஆகவே கடிக்காத செருப்பு வேண்டியிருந்தது. அழுத்தத்தைப் பரப்பிவிடுகிற மென்மையான ரப்பரைத் தேடி, கீழே கடினமான அடிப்பாகம் வைத்து, ஆணி அடிக்காமல், பின்வாரோடு செய்தார்கள். ஒவ்வொரு பாதத்துக்கும் ஏற்ப அதைத் திருத்தினார்கள். செருப்பு சரியாக இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்டுப் பயனில்லை, 'நல்லாத்தான் இருக்கு' என்றுதான் சொல்வார். நடக்கவிட்டு, கழற்றச் சொல்லி, பாதத்தில் எங்கே சிவந்திருக்கிறது, எங்கே சூடாக இருக்கிறது என்று கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

நம் அம்மாக்களில் பெரும்பாலோர் இந்த விஷயத்தில் அந்த நோயாளியைப் போன்றவர்கள். என்ன வேண்டும் என்று கேட்டால், 'எனக்கெதுக்குடா, இருக்கிறதே போதும்.' வலிக்கிறதா என்றால், 'அதெல்லாம் ஒண்ணுமில்லை.' அவர்களுக்கு நரம்பு கெடவில்லை. வாய்விட்டுச் சொல்லாத பழக்கம் படிந்துவிட்டது. எனவே கேள்வி கேட்டு அளவு கிடைக்காது. குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, கட்டைவிரல் எங்கே வாரை முட்டுகிறது, கீழே உட்கார்ந்தால் எழ எதைப் பிடிக்கிறாள், மாடிப்படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறாள் என்று பார்க்க வேண்டும். வயதாக ஆகப் பாதத்தின் வளைவு தளர்ந்து கால் நீண்டு அகலும். இருபது ஆண்டுக்கு முந்தைய நம்பர் இன்றைக்குச் செல்லாது. சாயங்காலமானால் கால் சற்று வீங்கும், அளப்பதற்கு அதுதான் நேரம். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் நிற்கவைத்து, இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ள வேண்டும். நிற்கும்போது பரவுகிற கால் உட்கார்ந்தால் சுருங்கிவிடும்.

பால் பிராண்டுக்கும் ஓர் அம்மா இருந்தார். அவருடைய கதை என் வாதத்தைக் கொஞ்சம் குழப்புகிறது. ஈவ்லின் பிராண்ட், 1879இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸியோடு மிஷனரியாகக் கொல்லிமலையில் மருந்தும் பள்ளியும் விவசாயமும் என்று மலைமக்களோடு வாழ்ந்தவர். 1914இல் பிறந்த பால் வளர்ந்ததும் அந்த மலையில்தான். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கமானார். பின்னாளில் மிஷன் ஓய்வு கொடுத்தபிறகு, எழுபதை நெருங்கும் வயதில், ஈவ்லின் தானாகவே மலைக்குத் திரும்பினார். மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். எழுபத்தைந்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மருத்துவ உதவி வேண்டுமென்றால் ஒருநாள் பயணம் செய்ய வேண்டும். உலகம் அறிந்த எலும்பு மருத்துவரான மகன், மலையை விட்டு இறங்கிவிடும்படி மன்றாடினார். ஒரு மகனால் கொடுக்க முடிகிற ஆகச் சிறந்த பரிசு அது. பாதுகாப்பு, பக்கத்தில் மருத்துவமனை, ஓய்வு. அம்மா மறுத்துவிட்டார். கம்புகளை ஊன்றிக்கொண்டும் குதிரையில் ஏறியும் இன்னும் இருபது ஆண்டு மலையிலேயே அலைந்தார். 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறந்து, கணவருக்குப் பக்கத்தில் புதைக்கப்பட்டார்.

பிறர் பாதத்தின் சிவப்பைக் கைவைத்துக் கண்டுபிடித்த மருத்துவர் அவர். அவருக்கே அம்மாவின் விஷயத்தில் எலும்பின் அளவு தெரிந்தது, விருப்பத்தின் அளவு பிடிபடச் சற்று நாளாயிற்று. 'அம்மாவுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்' என்று நாம் சொல்வதில் பாதி நம் மன அமைதிக்காகச் சொல்வது. கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னை அடுக்ககத்தின் ஆறாவது மாடிக்கு அழைத்துவந்து, வேலைக்கு ஆள் வைத்து, டி.வி. ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, 'இனி நீ ஒண்ணும் செய்ய வேண்டாம்' என்கிறோம். எந்த வேலையை அவள் தலையில் கட்டினார்கள், எந்த வேலையைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டாள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 299 நிமிடத்தைக் குறைப்பது ஒரு காரியம். அதிலிருந்து மிஞ்சும் நேரத்தில் அவள் எங்கே போக நினைக்கிறாள் என்பது வேறு காரியம். ஈவ்லினுக்கு உதவியவை கம்பும் குதிரையும். போக நினைத்த இடத்துக்கு அவை கொண்டுபோய்ச் சேர்த்தன.

இந்தக் கோணத்தில் பார்த்தால், சமீப காலத்தில் தமிழகத்து அம்மாக்களுக்குக் கிடைத்தவற்றில் பொருளாகக் கையில் வராத இரண்டை முதலில் வைப்பேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது மிச்சப்பணம். வேலைக்குப் போகாத அம்மாவுக்கு, தங்கை வீட்டுக்கோ கோயிலுக்கோ போய்வர யாரிடமும் சில்லறை கேட்க வேண்டாம் என்ற நிலைமை. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தியது. இந்த இரண்டிலும் எதற்கு, எங்கே என்பதைக் கொடுத்தவர் தீர்மானிக்கவில்லை. அந்தப் பணத்தில் அவள் பேரனுக்குப் பம்பரம் வாங்கினாலும் அது அவள் செய்த முடிவு.

வீட்டுக்குள்ளும் இதைச் செய்யலாம். மகன் புதுசு வாங்கியதும் கழித்துக் கொடுத்த செல்போன் அம்மாவிடம் இருக்கும். அதில் எழுத்தைப் பெரிதாக்கி, மொழியைத் தமிழுக்கு மாற்றி, அவள் அக்காளின் எண்ணை முதல் பக்கத்தில் வைத்துக் கொடுத்தால், கழித்த போன் அவளுடைய போனாகிவிடும். பத்து நிமிட வேலை. ஆனால் அவள் யாரோடு பேச ஆசைப்படுகிறாள் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பரிசென்றால் ஆச்சரியப்படுத்த வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட அழைத்துப்போய்ச் செருப்பைப் போட்டுப் பார்க்கச் சொல்வதில் என்ன சுவாரசியம்? ஆச்சரியம் கொடுக்கிறவருக்குப் பிடித்த விளையாட்டு. அளவு தப்பினால் மாற்றக் கடைக்கு அலைகிற வேலை பெற்றுக்கொண்டவருக்கு, அல்லது 'பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லி மூலையில் வைக்கிற வேலை. அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போனால் விலையைக் கேட்டுவிட்டு எழுந்திருப்பாள்; உட்காரவைக்க வேண்டும். கடைப்பையன் காலைத் தொட்டு வாரை மாட்டும்போது கூச்சப்படுவாள். அவனுக்குப் பதில் நாமே மாட்டலாம். நாலு எட்டு நடக்கச் சொல்லலாம். வேறு ஜோடியை அவள் காட்டினால், டாக்டர் தடுக்காத பட்சத்தில் அதையே வாங்கிவிடலாம்.

இது ஒரு தடவையில் முடிகிற சங்கதியும் இல்லை. எம்.சி.ஆர். ரப்பர் அமுங்கிப்போகும், கண்ணாடியின் பவர் மாறும், பலகையின் கால் ஆடத் தொடங்கும். நாம் வளர்ந்தபோது நம்மை இப்படித்தான் அளந்துகொண்டே இருந்தார்கள். 'வளர்ற பிள்ளை' என்று சொல்லிப் பள்ளிச் சட்டையை ஒரு அளவு பெரிதாக எடுத்தார்கள், நிக்கரில் மடித்துத் தைத்து வருஷா வருஷம் பிரித்துவிட்டார்கள், தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்தினார்கள். அந்தக் கணக்குப் புத்தகம் அம்மாவின் தலைக்குள் இருந்தது. அவளைப் பற்றிய கணக்கு எழுதப்படவே இல்லை.

எழுத ஒரு பக்கம் போதும். இரண்டு பாதங்களின் நீளம், கண்ணாடி பவர், கடைசியாகக் கண் பார்த்த தேதி, முழங்கை உயரம், மணிக்கட்டு, எழ வசதியான நாற்காலியின் உயரம், போக ஆசைப்படும் ஊர். வருஷத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டும். வீட்டில் யாராவது ஒருவர் இதைக் கையில் வைத்திருக்க வேண்டும், அது மகளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.